கொல்லைத் தவளைகள்: சேலம், ஏற்காடு வீடுகளிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். ஒரு மணி நேரப் பயணத்தில் வெயிலும் ஈரமும் மண்ணும் மாறிவிடும். அதனால் கீழே அம்மாபேட்டையில் சரிப்படுகிற யோசனை மேலே எஸ்டேட்டில் சரிப்படாது. எது எங்கே பொருந்தும் என்பதை அந்தந்தப் பதிலிலேயே சொல்லியிருக்கிறோம்.

எங்கள் வீட்டைச் சுற்றி இருப்பவை என்னென்ன தவளைகள்?

சமவெளி வீடுகளில் முதலில் கண்ணில் படுவது சொறித்தவளை. உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருக்கும். கண்ணுக்கு மேலே கறுப்பாக எலும்பு வரப்பு ஓடும், கண்ணுக்குப் பின்னால் அவரை விதை போல இரண்டு சுரப்பிகள் புடைத்திருக்கும். தெருவிளக்கின் அடியில் உட்கார்ந்து ஈசல் பொறுக்குவது இதுதான்.

இரண்டாவது, குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒல்லித் தவளை. விரல் நுனிகளில் வட்டமான ஒட்டுப்பட்டை, நீளமான கால், தொடையின் பின்பக்கம் மஞ்சள் புள்ளி இருந்தால் அது மரத்தவளை, பாலிபீடேட்ஸ் மாகுலேட்டஸ். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. பாடநூல் ‘தேரை’ என்பது சொறித்தவளையை. வீட்டுப் பேச்சில் பல ஊர்களில் சுவரில் தாவும் இந்த ஒல்லித் தவளையைத்தான் தேரை என்கிறார்கள். யாராவது “தேரை வந்துவிட்டது” என்று சொன்னால் எந்தத் தேரை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கிணற்றிலும் ஏரிக்கரையிலும் ஆளைக் கண்டதும் தண்ணீரின் மேலேயே தத்தித் தத்தி ஓடுவது தத்தும் தவளை. வயலில் மழைக்குப் பின் உள்ளங்கை அளவில் மஞ்சள் பச்சையாகத் தெரிவது பெருந்தவளை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் எலுமிச்சை மஞ்சளாகி, தொண்டைப் பை நீலமாகிவிடும். கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, முதுகில் கரும்பழுப்புப் படம் வரைந்தது போல இருப்பது குறுவாய்த் தவளை.

இவை தவிர மண்ணுக்குள் இருப்பவை. உருண்டை உடம்பு, குட்டை மூக்கு, பின்காலில் மண்வெட்டி போன்ற காய்ப்பு. பின்பக்கமாகவே தோண்டிக்கொண்டு இறங்கி, வருடத்தின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு, பெருமழையன்று மட்டும் வெளியே வந்து கத்தும். ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்ற பழமொழியின் நுணல் இதுதான். மணலில் மறைந்து கிடப்பது கத்திக் காட்டிக்கொடுத்துக் கொள்கிறது என்று கவனித்தவர், தவளையைச் சரியாகவே பார்த்திருக்கிறார்.

இருட்டில் கண்ணுக்குத் தெரிவதில்லை. சத்தத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். சீப்பின் பற்களை நகத்தால் இழுத்தது போல ‘க்ர்ர்க்’ என்றால் குறுவாய்த் தவளை. மரக்கட்டையில் விரல் முட்டியால் தட்டுவது போல ‘டொக்… டொக்-டொக்’ என்று விட்டு விட்டு வந்தால் மரத்தவளை; தொட்டி ஓரத்துச் செடியில் தேடுங்கள். இழுத்துப் பிடித்த ‘கர்ர்ர்ர்’ சொறித்தவளை. வயல் பக்கமிருந்து அடிவயிற்றுக் குரலில் பலர் ஒன்றாக முனகுவது போலக் கேட்டால் பெருந்தவளை. கத்துவது ஆண் மட்டும்தான்.

சமவெளியில் ஏப்ரல், மே மாதக் கோடை இடிமழையில் கச்சேரி தொடங்கி, வடகிழக்குப் பருவமழை முடியும் டிசம்பர் வரை விட்டு விட்டு நடக்கும்.

குளியலறைக்குள் வந்துவிடுகிறது. எப்படி வெளியேற்றுவது, எப்படித் தடுப்பது?

உப்பு, பினாயில், ப்ளீச்சிங் பவுடர், ஆசிட் எதுவும் போடாதீர்கள். தவளை தோல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது, தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது. நம் காலில் பட்டால் கழுவிவிடக்கூடிய அளவு உப்பே அதன் உடம்பிலிருந்து நீரை இழுத்துக் கொன்றுவிடும்.

ஒளி புகும் பிளாஸ்டிக் டப்பாவைத் தவளையின் மேல் கவிழ்த்து, அடியில் தடித்த அட்டையைச் செருகி, செடியடியில் கொண்டுபோய் விடுங்கள். கையால் எடுப்பதானால் வெறும் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். சோப்பு, சானிட்டைசர், கொசு விரட்டிக் களிம்பு பூசிய கை கூடாது. வெகுதூரம் கொண்டுபோய் விட வேண்டாம். பழகிய இடம் தேடித் திரும்பும், வழியில் சாலை இருக்கும்.

வருகிற வழி பெரும்பாலும் மூன்று: ஜன்னல் கண்ணாடி இடுக்கு, கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி, செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய். முதல் இரண்டுக்கும் கொசுவலையும் ரப்பர் பட்டையும் போதும். காற்றுக்குழாய் வாயில் துருப்பிடிக்காத சல்லடையைக் கம்பியால் கட்டிவிடுங்கள். கழிப்பறைக் கோப்பைக்குள்ளிருந்து தவளை எட்டிப் பார்க்கும் வீடுகளில் அநேகமாக அந்தக் குழாய்தான் திறந்து கிடக்கும்.

சொறித்தவளை விஷமா? தொட்டால் மரு வருமா? குழந்தை மேல் தேரை பாய்ந்தால் இளைத்துவிடும் என்கிறார்களே?

மரு வைரஸால் வருவது. தவளைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

விஷம் உண்டு, ஆனால் அது தானாகப் பீய்ச்சி அடிப்பதில்லை. கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியை அழுத்தினால் வெள்ளையாகப் பால் கசியும். அது நம் கண்ணிலோ வாயிலோ படக்கூடாது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். நாய் கவ்விவிட்டால்தான் அவசரம். வாயில் நுரை தள்ளும், தலையை ஆட்டும். தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாயின் பக்கவாட்டிலிருந்து ஓடும் தண்ணீரை ஐந்து, பத்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் தொண்டைக்குள் போகக் கூடாது. ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடையுங்கள். நடை தள்ளாடினாலோ வலிப்பு வந்தாலோ அதற்குமேல் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

குழந்தை இளைப்பது வேறு விஷயம். ‘தேரை பாய்ந்த குழந்தை’ என்று பெயர் வைத்து மந்திரிக்கப் போகிற நாட்களில், சத்துக்குறைவோ நாள்பட்ட வயிற்றுப்போக்கோ காசநோயோ முற்றிக்கொண்டிருக்கலாம். எடை குறைந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தேங்காயில் ‘தேரை விழுந்தது’ என்பதும் அப்படித்தான். பருப்பு இல்லாத, சொறி பிடித்த காய்க்குக் காரணம் ஈரியோபைட் சிலந்தி, போரான் குறைவு, மகரந்தச் சேர்க்கைக் கோளாறு. தவளை தென்னை ஏறித் தேங்காய்க்குள் ஒன்றும் செய்வதில்லை.

தவளை இருந்தால் பாம்பு வருமா?

வரலாம். இதில் மழுப்புவதில் அர்த்தமில்லை. தண்ணீர்ப்பாம்புக்குத் தவளையே முக்கிய உணவு, சாரையும் நல்லபாம்பும் தவளையைத் தின்னும். ஆனால் வீட்டுக்குள் பாம்பைக் கொண்டுவருவது பெரும்பாலும் எலி. எலியைக் கொண்டுவருவது சிந்திய தீவனம், குப்பை, படிக்கட்டின் அடியில் அடுக்கிய விறகு. குட்டை வைப்பதானால் வாசற்படியிலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி வையுங்கள். குட்டைக்கும் வீட்டுக்கும் நடுவே புல்லைக் குட்டையாக வெட்டி விடுங்கள். மறைவில்லாத வெட்டவெளியைப் பாம்பு தவிர்க்கப் பார்க்கும். இரவில் டார்ச்சும் செருப்பும் இல்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள். தவளை இல்லாத கொல்லைக்கும் இது பொருந்தும். கடித்துவிட்டால் 108, நேராக அரசு மருத்துவமனை.

ஏற்காட்டில் மண் கிளறும்போது, வால் மழுங்கி வெட்டினாற்போல் இருக்கும் சிறு பாம்பு வந்தால் அடிக்காதீர்கள். கேடயவால் பாம்பு இனத்தைச் சேர்ந்தது, விஷமில்லை. அதில் யூரோபெல்டிஸ் ஷார்ட்டி என்ற இனம் உலகத்திலேயே சேர்வராயன் மலையில் மட்டும் இருக்கிறது.

வீட்டில் தண்ணீர் தேக்கினால் டெங்கு வராதா? தவளை கொசுவைத் தின்றுவிடும்தானே?

தவளையை நம்பிக் கொசுவை விட்டுவிட முடியாது. வளர்ந்த தவளை அதிகம் தின்பது எறும்பு, கரையான், வண்டு, புழு. பெரும்பாலான தலைப்பிரட்டைகள் பாசியைச் சுரண்டித் தின்பவை. பெருந்தவளையின் தலைப்பிரட்டை மாமிசம் தின்னும், கொசுப்புழுவையும் விடாது. ஆனால் மற்ற தலைப்பிரட்டைகளையும் தின்றுவிடும்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நாடுவது சின்ன, சுத்தமான தேங்கல்: டயர், தேங்காய்ச் சிரட்டை, பிரிட்ஜின் பின்தட்டு, மூடாத டிரம், பூந்தொட்டித் தட்டு. அவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவது உங்கள் குட்டையைவிட முக்கியம். தேய்க்காமல் கவிழ்த்தால் சுவரில் ஒட்டிய முட்டை அப்படியே இருந்து அடுத்த மழையில் பொரியும்.

குட்டையையும் சும்மா விடக்கூடாது. முட்டையிலிருந்து கொசு பறக்க நம் வெயிலில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே ஐந்து நாளைக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். நெளிகிற புழு இருந்தால் டீ வடிகட்டியால் வாரி மண்ணில் கொட்டுங்கள். தட்டாம்பூச்சியின் இளம்புழுவும் முதுகுநீச்சல் பூச்சியும் குட்டையில் சேர ஆரம்பித்தால் இந்த வேலை குறையும். வாரி மாளவில்லை என்றால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தை உறையிலுள்ள அளவில் போடலாம். அது கொசுப்புழுவையும் அதன் நெருங்கிய உறவுப் பூச்சிகளையும் தாக்குவது. அபேட் எனப்படும் டெமிபாஸ் அப்படியல்ல. அது ஆர்கனோபாஸ்பேட், தலைப்பிரட்டையையும் பாதிக்கும்.

கொசு ஒழிப்புப் பணியாளர் வரும்போது சண்டை வேண்டாம். குட்டையைக் காட்டி, புழு இல்லை என்று அவரே பார்க்கச் செய்யுங்கள். புழு இருந்தால் மருந்து ஊற்றுவது அவர் கடமை.

தவளைக் குட்டை எப்படி அமைப்பது?

முதலில் மனதில் வைக்க வேண்டியது: தவளைக்குப் பெரிய நீர்நிலை தேவையில்லை. மீன் இல்லாத, மருந்து படாத, இரண்டு மாதம் வற்றாத தண்ணீர், ஏறி வரச் சரிவான கரை, கரையை ஒட்டி ஒளிய ஈரமான இடம். குறுவாய்த் தவளையின் தலைப்பிரட்டை ஒரு மாதத்துக்குள் கால் முளைத்து வெளியேறிவிடும், சொறித்தவளைக்கு ஐந்து ஆறு வாரம், மரத்தவளைக்கு இரண்டு மாதம்கூட ஆகலாம். கணக்கெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

காலை வெயில் படும், மதியம் நிழல் விழும் இடம் பாருங்கள். வேம்பின் நேரடி அடி வேண்டாம், சருகு கொட்டி அழுகும். நீளம் 7 அடி, அகலம் 4 அடி, ஆழம் ஒன்றரை அடி போதும். நீளவாக்கில் ஒரு பக்கத்தை மட்டும் அடிக்கு மூன்றடி வீதம் சரிவாக இறக்குங்கள். நாலரை அடிச் சரிவும் இரண்டரை அடி சமதளமும் கிடைக்கும். சுமார் 800 லிட்டர் பிடிக்கும். தோண்டிய மண்ணை மழைநீர் ஓடிவரும் பக்கம் வரப்பாகப் போடுங்கள். உரம் கரைந்த தோட்டத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது.

சேலத்து மண்ணில் வெங்கச்சங்கல் நிறைய. ஷீட்டைக் கிழிப்பது அதுதான். கூரான கல்லையெல்லாம் பொறுக்கிவிட்டு, இரண்டு அங்குலம் சலித்த மணல் பரப்பி, அதன்மேல் பழைய சாக்கை இரட்டையாக விரியுங்கள். பண்ணைக்குட்டைக்குப் போடும் 250 ஜி.எஸ்.எம். சில்பாலின் ஷீட் தாங்கும், மெல்லிய தார்ப்பாய் ஒரு கோடையில் பொடிந்துவிடும். ஷீட் அளவு: நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கும் ஓரத்துக்கு இரண்டடியும் சேர்த்து 12 அடி, அகலத்துக்கும் அதே கணக்கில் 9 அடி. இழுத்துப் பிடித்து விரிக்காதீர்கள், தண்ணீர் நிறையும்போது எடை இழுத்துக் கிழியும். தொளதொளப்பாகப் போட்டு, பாதி நிரப்பி, படிந்த பிறகு ஓரத்தை மண்ணில் புதையுங்கள்.

சரிவுப் பக்கம் முழுக்கக் கூழாங்கல்லும் மண்ணும் பரப்ப வேண்டும். வெறும் ஷீட் வழுக்கும். கால் முளைத்த குட்டித் தவளை ஏற முடியாமல் மூழ்கிச் சாகும். புதிதாகக் குட்டை போடுபவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்.

கரையில் வல்லாரை, பொன்னாங்கண்ணி, கோரை; உள்ளே வேலம்பாசி, ஒரு தொட்டியில் அல்லி. ஆகாயத்தாமரை மட்டும் வேண்டாம். ஒரு மாதத்தில் மேற்பரப்பை மூடி, அடியில் காற்றில்லாமல் செய்துவிடும். குட்டையை ஒட்டி உடைந்த பானை இரண்டைக் கவிழ்த்து வாய்ப்பக்கம் மண்ணைக் கொஞ்சம் தோண்டி விடுங்கள். பக்கத்தில் கற்குவியல், மூன்று நான்கு அங்குலச் சருகு. சருகைப் பெருக்கிக் கொளுத்துகிற வீட்டில் குட்டை மட்டும் வைத்துப் பயனில்லை. தவளை வருடத்தில் பெரும்பாலான நாள் கரையில்தான் இருக்கிறது.

கொல்லையே இல்லாத வீட்டில் இரண்டடி விட்டமுள்ள சிமெண்டுத் தொட்டியும் போதும். உள்ளேயும் வெளியேயும் செங்கல்லைப் படிக்கட்டு போல அடுக்குங்கள். புதுச் சிமெண்டு சுண்ணாம்பை விடும். மூன்று வாரம் தண்ணீர் ஊற்றி ஊற்றி மாற்றிய பிறகே செடி வையுங்கள்.

நடக்கிற குழந்தை இருக்கும் வீட்டில் ஒன்றரை அடித் தண்ணீரும் ஆபத்து. குழந்தை வளரும்வரை குட்டையைத் தள்ளிப் போடுங்கள், அல்லது கம்பி வலைச் சட்டம் வைத்துப் பூட்டுங்கள்.

எந்தத் தண்ணீர் ஊற்றலாம்?

மழைநீர்தான் முதல் தேர்வு. மொட்டைமாடிக் குழாயை முதல் மழைக்குத் திறந்து விட்டு அழுக்கைக் கழித்து, அடுத்த மழையைக் குட்டைக்குத் திருப்புங்கள். மாநகராட்சியின் மேட்டூர்த் தண்ணீரில் குளோரின் உண்டு. அகலமான வாயுள்ள டிரம்மில் ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். போர்வெல் உப்பாக இருந்தால் மழைநீரோடு கலந்துதான். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பெல்லாம் சேர்ந்து வருவது அதில்தான். ஏப்ரல் வெயிலில் மேலே சொன்ன அளவுக் குட்டை தினம் ஒரு குடத்துக்கு மேல் ஆவியாகும். மொத்தமாக ஊற்றாமல் இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

அழகுக்கு இரண்டு மீன் விடலாமா?

கூடாது. கப்பி, கோல்டு ஃபிஷ், ஜிலேபி எல்லாமே முட்டையையோ குஞ்சையோ தின்னும். கொசு ஒழிப்புக்கென்று விடும் கம்பூசியா அமெரிக்காவிலிருந்து வந்த மீன். தலைப்பிரட்டையின் வாலைக் கடித்துக் கடித்தே கொன்றுவிடும்.

வேறிடத்திலிருந்து தவளையையும் கொண்டுவந்து விடாதீர்கள். தண்ணீர் இருந்தால் தானே வரும். முதல் மழைக்காலத்தில் வராவிட்டால் இரண்டாவதில் வரும்.

தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வெள்ளை நுரை உருண்டை ஒட்டியிருக்கிறது. என்ன அது?

மரத்தவளையின் கூடு. நுரைக்குள் முட்டைகள் இருக்கும். வெளிப்பக்கம் காய்ந்து பழுப்பாகும், உள்ளே ஈரமாகவே இருக்கும். நாலைந்து நாளில் குஞ்சுகள் நுரையைக் கரைத்துக்கொண்டு நேரே கீழேயுள்ள தண்ணீரில் விழும். கழுவ வேண்டிய தொட்டி என்றால் ஒரு வாரம் பொறுத்து, குஞ்சுகள் விழுந்த பிறகு அதே தண்ணீரோடு பக்கெட்டில் எடுத்துக் குட்டைக்கு மாற்றுவது எளிது. பொறுக்க முடியாதென்றால், நனைத்த அட்டையால் நுரையைச் சுவரிலிருந்து முழுசாக வழித்து, அகலமான இலையில் வைத்து, குட்டைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே நிழலில் நிறுத்துங்கள். தண்ணீருக்குள் போட்டால் முட்டை மூச்சுத் திணறிக் கெடும்.

கறுப்புப் பாசிமணி கோத்தது போல நீளச் சரமாகத் தண்ணீர்ச் செடியைச் சுற்றியிருந்தால் சொறித்தவளை. ஒரு சரத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். தப்பிப் பிழைப்பது சிலதான், அது இயல்பு.

தலைப்பிரட்டைகள் செத்து மிதக்கின்றன. ஏன்?

எப்போது செத்தன என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்துக்குள் என்றால் குளோரின். மதியம் மூன்று மணிக்கு என்றால் சூடு. கறுப்புப் பிளாஸ்டிக் டப்பில் நாலு அங்குலத் தண்ணீர் மே மாதம் கை பொறுக்காத அளவு கொதிக்கும். விடியற்காலையில் மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறினால் காற்றுக்குறைவு: அழுகிய சருகு, அல்லது அன்பு மிகுதியால் போட்ட சோறும் பிஸ்கட்டும். தலைப்பிரட்டைக்குத் தீனி தேவையில்லை, பாசி போதும். பாசியே இல்லாத புதுக்குட்டையானால் வேகவைத்த கீரை இலை ஒன்று போட்டு, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். எல்லாம் ஒரே இரவில் செத்தால் மருந்து. பக்கத்துத் தோட்டத்தில் யார் என்ன தெளித்தார்கள் என்று விசாரியுங்கள்.

கால் முளைத்த பிறகு சாவதென்றால் மூழ்குகின்றன. கரையைச் சரிவாக்குங்கள்.

கிணற்றிலும் சம்ப்பிலும் விழுகின்றன.

சம்ப்புக்கு இடுக்கில்லாத மூடி. தரைமட்டக் கிணற்றுக்கு ஒரு சாண் உயரக் கைப்பிடிச்சுவர் கட்டினாலே சொறித்தவளை விழாது. ஏற்கெனவே விழுந்தவை ஏறி வர, தேங்காய் நார்க் கயிற்றை மூன்று நான்கு புரியாகத் திரித்து, தண்ணீரில் இரண்டடி மூழ்கும்படி மேலிருந்து கட்டித் தொங்கவிடுங்கள். நைலான் கயிறு வழுக்கும்.

உலக அளவில் தவளைகள் அழிகின்றன என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2023 அக்டோபரில் வெளியான இரண்டாவது உலக மதிப்பீட்டில் 8,011 இருவாழ்வி இனங்களை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ 41 சதவீதம் அழியும் நிலையை நோக்கிப் போகின்றன. முதுகெலும்புள்ள உயிர்களில் இவ்வளவு மோசமான நிலையில் உள்ள வகுப்பு வேறில்லை. 2004க்குப் பிறகு நிலை மோசமான இனங்களில் 39 சதவீதத்துக்கு முதல் காரணம் தட்பவெப்ப மாற்றம், 37 சதவீதத்துக்கு வாழிட இழப்பு.

நம் கொல்லையில் வரும் இனங்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லை. சொறித்தவளை அவ்வளவு சீக்கிரம் மறையாது. ஆனால் நுணல் வகைகளின் நிலை வேறு. வருடத்தில் சில இரவுகள் தேங்கும் சேற்றுக்குட்டையை நம்பி வாழ்பவை அவை. அந்தக் குட்டை மேல் தார் போட்டுவிட்டால் பக்கத்து ஏரியில் மீனோடு போய் முட்டையிட முடியாது. ஆவணத்தில் ‘தரிசு’ என்றிருக்கும் இடம்தான் பெரும்பாலும் அவற்றின் பிரசவ அறை.

கைட்ரிட் பூஞ்சை என்கிறார்கள். ஏற்காட்டுக்கு வருமா?

1990களில் கண்டறியப்பட்டு 1999இல் பெயரிடப்பட்ட தோல் பூஞ்சை அது. தவளை தோலால் நீரையும் உப்பையும் சமன் செய்கிறது. பூஞ்சை அந்தத் தோலைக் கெடுத்து, கடைசியில் இதயத்தை நிறுத்திவிடும். 2019இல் வந்த ஆய்வுக் கணக்குப்படி 501 இனங்கள் இதனால் குறைந்தன, அவற்றில் 90 அழிந்துவிட்டன அல்லது அழிந்ததாகக் கருதப்படுகின்றன. பெரும்பகுதி அமெரிக்கக் கண்டங்களிலும் ஆஸ்திரேலியாவிலும். இந்தியாவில் மேற்குத் தொடர்ச்சி மலையில் 2011இல் பதிவானது. இங்கே கூட்டங்கூட்டமாகச் சாவு நிகழவில்லை. பூஞ்சை ஆசியாவில் தோன்றியது என்பதால் நம் தவளைகள் நெடுங்காலமாக அதோடு பழகியிருக்கலாம்.

அதற்காக அலட்சியமாக இருக்க முடியாது. இந்தப் பூஞ்சைக்குப் பிடித்த வெப்பம் 17 முதல் 25 டிகிரி. சேலத்துக் கோடையில் அது தாக்குப்பிடிப்பது கடினம், ஏற்காட்டில் வருடம் முழுக்கவே வசதி. ஓடை, குட்டைகளில் இறங்கிய பூட்ஸ், வலை, வாளியை அடுத்த ஓடைக்கு எடுத்துப்போகும் முன் சேறு போகக் கழுவி, வெயிலில் மொறமொறவென்று காயவிடுங்கள். 37 டிகிரியில் நாலு மணி நேரம் அதற்கு முடிவு. கீழே சேலத்தில் மொட்டைமாடியே போதும். மலையிலிருந்து தலைப்பிரட்டையை பாட்டிலில் பிடித்துக்கொண்டு இறங்குவதும், கீழேயிருந்து அலங்கார மீன் தண்ணீரை மேலே ஓடையில் கொட்டுவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

காபி, மிளகுத் தோட்டத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

போர்டோ கலவை. மிளகு வாடலுக்கு 1 சதவீதம்: 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். காபி இலைத்துருவுக்கு அதில் பாதி. அங்கக மருந்து மாதிரி நினைத்துப் பலர் தாராளமாகத் தெளிக்கிறார்கள், ஆனால் கலந்திருப்பது செம்பு. செம்பு தலைப்பிரட்டைக்கு மிகச் சிறு அளவிலேயே விஷம், அதுவும் மலையோடை போன்ற மென்னீரில் இன்னும் கடுமை. கலவை டிரம்மை ஓடைக்கரையில் வைப்பது தண்ணீர் மொள்ள வசதி என்பதால்தான். குழாய் போட்டு நூறடி தள்ளிக் கலக்கலாம். ஸ்பிரேயரை ஓடையில் அலசாமல், அலசிய தண்ணீரைக் காபிச் செடி வரிசையிலேயே தெளித்துவிடுங்கள். மழை இறங்கும் என்றால் தெளிப்பை ஒத்திப் போடுங்கள். இலையில் ஒட்டாத மருந்து காசுக்கும் நஷ்டம்.

களைக்கொல்லியில் மருந்தைவிட, இலையில் ஒட்ட வைக்கச் சேர்க்கும் சோப்புப் பொருள் தலைப்பிரட்டையின் செவுளைத் தாக்குவது உண்டு. ஓடையின் இரு பக்கமும் முப்பது அடியாவது அரிவாளால் மட்டும் களையெடுங்கள். காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்திலிருந்து வரும் தண்ணீர் புளித்து, ஓடையிலுள்ள காற்றைத் தின்றுவிடும். குழியில் தேக்கி, சுண்ணாம்பிட்டுப் புளிப்பை நீக்காமல் விடக்கூடாது. கீழே ஆத்தூர், சேலம் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவுநீருக்கும் இதே குணம்.

நிழல் மரம் வெட்டும்போது பொந்துள்ள பழைய மரத்தையும் விழுந்து மட்கிய கட்டையையும் விட்டுவிடுங்கள்.

ஏரியைச் சீரமைத்தால் தவளைக்கு நல்லதுதானே?

எப்படிச் சீரமைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தூர்வாரி, கரை நெடுகக் கல் பதித்து, நடைபாதையும் விளக்கும் போட்டால் மனிதருக்கு நல்லது. செங்குத்துச் சுவரில் தவளை ஏறாது. கரையில் மூன்றில் ஒரு பங்கையாவது மண்சரிவாக, புல்லோடு விடச் சொல்லிக் கேளுங்கள். ஏரிக்குத் தண்ணீர் வந்து சேரும் பக்கத்தில், முழங்கால் ஆழத்துக்குள் பரவி வற்றும் பகுதியைத் தோண்டி ஆழமாக்க வேண்டாம். முட்டையிடும் இடம் அது. தூர்வாரும் வேலை பிப்ரவரி, மார்ச்சில் முடிந்துவிட வேண்டும். முதல் கோடைமழைக்குப் பிறகு ஜே.சி.பி. இறங்கினால் அந்த வருட முட்டை போயிற்று.

சீமைக் கருவேலத்தை அகற்றும்போதும் ஒரே வாரத்தில் தரையை மொட்டையடிக்காமல் பகுதி பகுதியாக எடுங்கள்.

மலைப்பாதையில் மழையிரவில் சாலை முழுக்கத் தவளை. என்ன செய்வது?

இருபது கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் இரவு மழையில் வேகமாகப் போவது தவளைக்கு மட்டும் ஆபத்தல்ல. மே மாதக் கோடைவிழாக் கூட்டமும் கோடைமழையும் ஒன்றாக வருவதால் சாவு அப்போது அதிகம். முடிந்தால் இருட்டும் முன் ஏறி இறங்கிவிடுங்கள். வண்டியை வளைவில் நிறுத்தித் தவளை பொறுக்க இறங்காதீர்கள். எஸ்டேட்டின் உள்சாலையில், வீட்டு கேட்டின் முன்னால் என்றால், அது போய்க்கொண்டிருந்த பக்கமே எடுத்து விடுங்கள். வந்த பக்கம் திருப்பி விட்டால் மறுபடி கடக்கும். கேட் விளக்கை மழையிரவில் அணைத்துவிட்டால் பூச்சியும் வராது, தவளையும் சக்கரத்தடியில் வராது.

பெருந்தவளையைப் பிடித்துக் கறி சமைக்கலாமா?

வேண்டாம். தவளைக்கால் ஏற்றுமதிக்காக வயல்களிலிருந்து அள்ளி அள்ளியே இந்த இனம் பல இடங்களில் அருகியது. 1985இல் பெருந்தவளையும் பச்சைக்குளத் தவளையும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. 1987இல் இந்தியா ஏற்றுமதியையே நிறுத்தியது. மருந்தடித்த வயலில் பூச்சி தின்று வளர்ந்த உடம்பு என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பார்த்ததை எங்கே பதிவு செய்வது?

ஐ-நேச்சுரலிஸ்ட் செயலியிலோ இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ. முதுகு, பக்கவாட்டு முகம், விரல் நுனி மூன்றும் தெரியும்படி படம் எடுங்கள். தொடையின் பின்பக்கம் தெரிந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு புரியும். கண்ணுக்கு நேரே ப்ளாஷ் அடிக்காதீர்கள். படம் கிடைக்காவிட்டால் போனில் ஒரு நிமிடக் குரல் பதிவு, தேதி, நேரம், அன்று மழை பெய்ததா என்ற குறிப்பு. ஒரே இடத்தில் ஐந்தாறு தவளைகள் காயமில்லாமல் செத்துக் கிடந்தால் வெறும் கையால் தொடாமல் படமெடுத்து, அன்றே வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள். மறுநாள் காக்கையும் எறும்பும் எதையும் மிச்சம் வைத்திருக்காது.